பெயர் தெரிந்த திமிங்கிலங்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கனடா நாட்டின் மேற்குக் கரையில், வான்கூவர் நகருக்குத் தெற்கே, சடர்னா என்றொரு சிறு தீவு உண்டு. 1964ஆம் ஆண்டுக் கோடையில் அத்தீவின் கிழக்கு முனையில் திமிங்கில வேட்டைக்குரிய ஈட்டித் துப்பாக்கி ஒன்று நிறுத்தப்பட்டது. வான்கூவரில் இருந்த நீர்வாழ் உயிர்க் காட்சியகம் தன் கூடத்தில் ஓர்க்கா ஒன்றின் சிலையை வைக்க விரும்பியது. சிலைக்கு அளவெடுக்க ஓர் உடல் வேண்டும். அந்த உடலுக்காக ஓர்க்கா ஒன்றைக் கொன்று வரும்படி ஒரு சிற்பி அனுப்பப்பட்டார். பல வாரங்கள் காத்திருந்தபின், ஜூலை மாதத்தில் ஒரு நாள், ஈட்டி பாய்ந்தது. விலங்கு சாகவில்லை. உடன் வந்த இரு ஓர்க்காக்கள் அடிபட்டதைக் கீழிருந்து தாங்கி, அது மூச்சுவிடும் வண்ணம் நீரின் மேற்பரப்புக்கு உயர்த்தின. உடலில் பாய்ந்த ஈட்டியோடும் கயிற்றோடும் அதை வான்கூவர் துறைமுகம் வரை இழுத்து வந்தார்கள். பெண் என்று கருதி ‘மோபி டால்’ என்று பெயர் சூட்டினார்கள். 50 நாட்களுக்கு மேல் அது எதையும் உண்ணவில்லை. பிறகு உண்டது, அக்டோபரில் இறந்தது. அறுத்துப் பார்த்தபோதுதான் அது ஆண் என்பது தெரிய வந்தது.

ஏறத்தாழ மூன்று மாத காலம் கண்ணெதிரே வைத்திருந்த உயிர் ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாத நிலையிலிருந்து, அதே கடலில் வாழும் ஒவ்வோர் ஓர்க்காவின் தாய் யார், பாட்டி யார், அது எந்தக் குடும்பத்துக் குரலில் பேசும் என்று சொல்லக்கூடிய நிலைக்கு மனிதர்கள் வந்து சேர்ந்த கதையே இவ்வுரையின் பொருள். அந்த அறிவு யாருக்கு என்ன செய்தது என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். ‘திமி’ என்னும் பெருமீனையே விழுங்குவது திமிங்கிலம் என்பது அச்சொல்லின் வடமொழி வழிப் பொருள். கண்ணால் காணாத ஒன்றன் பேருருவை விழுங்குதலைக் கொண்டு அளந்த சொல் அது. ஓர்க்காவைத் தமிழில் ‘கொலைத் திமிங்கிலம்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆங்கிலப் பெயரின் நேர் பெயர்ப்பு அது. மூலத்தின் பிழையும் அப்படியே இறங்கியிருக்கிறது. ஓர்க்கா ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் மிகப் பெரியது. இயற்கைக் கடலில் அது ஒரு மனிதனைக் கொன்றதாகப் பதிவு இல்லை. ஆயினும் அப்பெயர் தன் வேலையைச் செய்தது. 1960களின் தொடக்கத்தில், சால்மன் மீனுக்குப் போட்டி என்று கருதப்பட்ட இவ்விலங்குகளைச் சுட்டுத் தள்ளுவதற்காகக் கனடாவின் மீன்வளத் துறையே வான்கூவர் தீவின் கடலிடுக்கு ஒன்றின் கரையில் இயந்திரத் துப்பாக்கி ஒன்றைப் பொருத்தி வைத்தது. அது சுடாமலேயே அகற்றப்பட்டது. மீனவர்கள் தங்கள் சொந்தத் துப்பாக்கிகளால் சுட்டதற்குக் கணக்கில்லை.

மோபி டால் இறந்தாலும் ஒன்றைக் காட்டிவிட்டுச் சென்றது: ஓர்க்கா சாதுவானது, மக்கள் பணம் கொடுத்துப் பார்க்க வருவார்கள். அடுத்த பத்தாண்டுகள் பிடிப்பவர்களின் காலமாயின. 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், விட்பித் தீவின் பென் கோவ் என்னும் விரிகுடாவுக்குள் ஏறத்தாழ 80 ஓர்க்காக்களைப் படகுகளாலும் வெடிகளாலும் விரட்டிச் சென்றார்கள். தாய்களிடமிருந்து 7 குட்டிகள் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டன. வலையில் சிக்கி 5 இறந்தன. இறந்தது வெளியே தெரியாமலிருக்க வயிற்றைக் கிழித்துக் கல்லை நிரப்பி மூழ்கடித்தார்கள்; சில மாதங்களில் அவ்வுடல்கள் கரையொதுங்கின. அன்று விற்கப்பட்ட குட்டிகளுள் ஒன்றுக்கு டோகிடே என்று பெயர். மயாமி நகரின் தொட்டியொன்றில் ‘லோலிடா’ என்ற பெயரில் வேடிக்கை காட்டி, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 18 அன்று இறந்தது. சிறையில் 53 ஆண்டுகள்.

பிடிப்பவர்களிடம் ஒரு வாதம் இருந்தது. கடலில் இவை ஆயிரக்கணக்கில் உள்ளன. சிலவற்றை எடுத்தால் என்ன? இதற்கு மறுமொழி சொல்ல யாரிடமும் எண் இல்லை. அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு, வான்கூவர் தீவின் நனைமோ நகரிலிருந்த பசிபிக் உயிரியல் நிலையத்தில் பணியாற்றிய மைக்கேல் பிக் என்பவரிடம் வந்தது. முன்பு துப்பாக்கி பொருத்திய அதே மீன்வளத் துறையின் கீழ்தான் அந்நிலையம் இருந்தது.

பிக் செய்த முதல் வேலை மிக எளியது. கலங்கரை விளக்கக் காவலர், மீனவர், படகு ஓட்டிகள், கரையோரக் குடியிருப்பாளர் என்று ஏறத்தாழ 15,000 பேருக்குப் படிவம் அனுப்பினார். 1971ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் குறிப்பிட்ட ஒரே ஒரு நாளில், எங்கே, எத்தனை ஓர்க்காக்களைக் கண்டீர்கள்? அவ்வளவே வினா. வந்த விடைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் முழுக் கரைக்கும் சில நூறுகளே தேறின. அடுத்தடுத்த ஆண்டுகளின் கணக்கெடுப்பும் அதையே சொல்லிற்று. ஆயிரங்கள் என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்தது.

இரண்டாவது வேலைதான் பெரியது. ஜான்ஸ்டன் நீரிணையில் ஒரு பெண் ஓர்க்கா இருந்தது. அதன் முதுகுத் துடுப்பு எக்காலத்திலோ சிதைந்து குட்டையாகிப் போயிருந்தது. பார்ப்பவர் யாரும் மறக்க முடியாத துடுப்பு. அதனோடு வருபவை எப்போதும் அதே துணைகள்தாமா, வேறு வேறா? பிக்கும் அவருடைய துணைவர்களான கிரீம் எல்லிஸ், இயன் மகாஸ்கி ஆகியோரும் படம் எடுத்துப் பார்த்தபோது இரண்டு செய்திகள் புலப்பட்டன. துணைகள் மாறவில்லை. அதைவிட முக்கியமானது, சிதைந்த துடுப்பு மட்டுமன்று, எல்லாத் துடுப்புகளும் வேறுபட்டவை. ஒன்றில் ஓரத்தில் சிறு வெட்டு. ஒன்றில் நுனி சற்று வளைவு. ஒன்றில் நகக்கீறல் போன்ற வடு. துடுப்பின் பின்புறம் குதிரைச் சேணம் போலப் படிந்திருக்கும் சாம்பல் நிறத் திட்டின் வடிவமும் ஒன்றைப்போல் மற்றொன்றுக்கு இல்லை. குழப்பம் வராமலிருக்க இடப்பக்கத்தையே படம் எடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். படகு விலங்கின் இடப்புறத்தில், அதன் வேகத்தில், அதைக் கலைக்காமல் செல்ல வேண்டும்; அது மூச்சுவிட எழும் ஓரிரு நொடிகளில் படம் விழ வேண்டும். கறுப்பு வெள்ளைப் படச்சுருளை இரவில் கழுவி, உருப்பெருக்கிக் கண்ணாடியின் அடியில் வடுக்களை ஒப்பிட்டார்கள். சிதைந்த துடுப்புடையதற்கு ‘ஸ்டப்ஸ்’ என்று பெயர். ஏட்டில் ஏ 1. அகர வரிசையில் கூட்டங்களும், எண் வரிசையில் உறுப்பினர்களும் ஆயினர்.

துடுப்பைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்ல முடியும் என்பதைத் தொடக்கத்தில் அறிஞர் பலர் நம்பவில்லை. சில ஆண்டுகளில் அத்திட்டத்தைத் துறை நிறுத்திக்கொண்டது. பிக் விடுமுறை நாட்களிலும் ஓய்வு நேரத்திலும் தொடர்ந்தார். எல்லைக்குத் தெற்கே, அமெரிக்க நீரில், 1976ஆம் ஆண்டு கென் பால்கம் அதே முறையில் கணக்கெடுக்கத் தொடங்கி, 2022இல் இறக்கும்வரை விடவில்லை. அதே 1976இல், வாஷிங்டன் மாநிலத்தின் பட் விரிகுடாவில் நடந்த பிடிப்பு வேட்டையை நேரில் கண்டவர்கள் வழக்குத் தொடுத்து, அம்மாநில நீரில் பிடிப்பதற்கு முடிவு கட்டினார்கள். தெற்குக் கூட்டங்களான ஜே, கே, எல் மூன்றிலும் சேர்த்து அப்போது மிஞ்சியவை 70ஐ ஒட்டியே இருந்தன.

ஏடு ஆண்டுதோறும் வளர வளர, அதில் ஒருவரும் எதிர்பாராத செய்திகள் எழுந்தன. சால்மன் உண்ணும் ஓர்க்காக்களில் மகளும் தாயை விட்டுப் போவதில்லை, மகனும் போவதில்லை. ஆறு அடி உயரத் துடுப்புள்ள முதிர்ந்த ஆணும் தாயின் பக்கத்திலேயே நீந்துகிறான். வேற்றுக் குடும்பத்துப் பெண்ணோடு கூடிவிட்டுத் தாயிடமே திரும்புகிறான். 30 வயதைக் கடந்த மகன், தாய் இறந்த அடுத்த ஓராண்டில் சாவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 14 மடங்கு கூடுகிறது என்று 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. பிள்ளைப்பேறு நின்ற மூதாட்டிகள், சால்மன் குறைந்த ஆண்டுகளில் கூட்டத்தின் முன்னே சென்று வழிநடத்துகிறார்கள் என்பது 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு. பல பத்தாண்டுகள் பொறுமையாகக் குவித்த ஏடு இல்லாமல் இவற்றுள் ஒன்றையும் சொல்லியிருக்க முடியாது. ஏட்டுக்கும் வரம்பு உண்டு. ‘பாட்டி’ என்றழைக்கப்பட்ட ஜே 2 என்னும் மூதாட்டி 2016இன் இறுதியில் மறைந்தபோது வயது 105 என்று செய்தித்தாள்கள் எழுதின. ஏடு தொடங்குவதற்கு முந்திய காலத்தை ஊகத்தால் நிரப்பிய கணக்கு அது; அத்தனை வயது இருந்திருக்காது என்பதே பின்னர் வலுப்பெற்ற கருத்து.

சால்மனைத் தொடாத ஓர்க்காக்களும் அதே நீரில் இருந்தன. சிறு குழுக்களாக, ஓசையின்றி வந்து கடல்நாய்களை வேட்டையாடுபவை. தம் கூட்டத்திலிருந்து துரத்தப்பட்ட நாடோடிகள் என்றே முதலில் கருதப்பட்டன. அவை வேறு குலம். மீனுண்ணிகளோடு கலப்பதும் இல்லை, பேசுவதும் இல்லை. இவ்விரண்டையும் தனித்தனி இனங்களாகவே கொள்ள வேண்டும் என்று 2024இல் அறிஞர்கள் முன்மொழிந்தனர். பிக் 1990ஆம் ஆண்டில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். கடல்நாய் உண்ணும் குலத்துக்கு இன்று வழங்கும் பெயர் ‘பிக்கின் ஓர்க்கா’ என்பதே.

கண்ணால் கண்டது இவ்வளவு. காதால் கேட்டது வேறொரு வரலாறு. பால் ஸ்பாங் என்னும் உளவியலாளர் 1967இல் வான்கூவர் காட்சியகத்தின் ஸ்கானா என்ற ஓர்க்காவை ஆராய நியமிக்கப்பட்டார். ஆராய வந்தவர், இவ்வுயிரைத் தொட்டியில் வைப்பது தகாது என்று வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார், பணி நீடிக்கவில்லை. 1970இல் ஜான்ஸ்டன் நீரிணைக்கு அருகே ஹான்சன் தீவுக்குச் சென்று கூடாரமடித்தார். அதுவே பின்னர் ‘ஓர்க்காலேப்’ என்னும் நிலையமாயிற்று. நீருக்கடியில் ஒலிவாங்கிகளைப் பல இடங்களில் இறக்கி, அவற்றின் ஒலியை வானலை வழியே தீவிலுள்ள மரக் குடிலுக்குக் கொண்டு வந்தார்கள். படகில் துரத்த வேண்டியதில்லை. இரவிலும் மூடுபனியிலும், காதில் ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு ஒருவர் அமர்ந்திருப்பார். எந்த ஒலிவாங்கியில், எத்தனை மணிக்கு, யார் குரல் என்று எழுதிக்கொண்டே இருப்பார்.

யார் குரல் என்று எப்படித் தெரியும்? ஜான் ஃபோர்டு 1980களில் வெளிப்படுத்திய உண்மை இங்கே கவிஞர் அவைக்கு உரியது. ஒவ்வோர் ஓர்க்காக் கூட்டத்துக்கும் 7 முதல் 17 வரையிலான தனித்த அழைப்பொலிகள் உள்ளன. குட்டி அவற்றைத் தாயிடம் கற்கிறது. உறவு நெருங்கிய கூட்டங்கள் சில ஒலிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. உறவு விலக விலகப் பொது ஒலிகள் குறைகின்றன. ஒன்றுகூடப் பொதுவில்லாத குலங்களும் உண்டு. வட்டார வழக்கு என்று மொழியாளர் எதைச் சொல்வார்களோ அதுவேதான். மோபி டால் தொட்டியில் இருந்தபோது பதிவு செய்த ஒலிநாடாவைப் பிற்காலத்தில் மீண்டும் கேட்டார்கள். ஜே கூட்டத்து வழக்கு அது. எந்த வீட்டுப் பிள்ளை என்பது சாவுக்குப் பின் குரலால் தெரிந்தது.

உயிரோடிருக்கும்போதே தெரிந்ததும் உண்டு. 2002ஆம் ஆண்டு ஜனவரியில், சியாட்டில் நகருக்கருகே படகுகள் நெருக்கமாகப் போய்வரும் நீரில், ஏறத்தாழ இரண்டு வயதான பெண்குட்டி ஒன்று தனியே காணப்பட்டது. உடல் மெலிந்து தோல் நோயுற்றிருந்தது. மிதக்கும் மரக்கட்டைகளோடு உராய்ந்து விளையாடியது, படகுகளை நெருங்கியது. அதன் குரலைப் பதிவு செய்து கேட்டவர்கள், தெற்குக் கூட்டத்து வழக்கன்று, வடக்கே வெகு தொலைவில் வாழும் ஏ 4 கூட்டத்து வழக்கு என்றார்கள். ஏட்டைப் புரட்டினார்கள். ஏ 73, செல்லப்பெயர் ஸ்பிரிங்கர். தாய் ஏ 45 காணாமல் போயிருந்தாள். தாயற்ற குட்டி வழி தவறியோ, வேறு எவ்வாறோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே வந்துவிட்டது.

இதற்கு முன் எந்த ஓர்க்காவையும் பிடித்து, குணப்படுத்தி, அதன் குடும்பத்திடம் சேர்த்ததில்லை. பிடிப்பவர்கள் ஒருகாலத்தில் பயன்படுத்திய அதே திறனை, அதே கருவிகளை, இம்முறை திருப்பித் தரப் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஜூன் மாதத்தில் பிடித்து, கூண்டுவலைக்குள் வைத்து மருத்துவம் பார்த்தார்கள். ஜூலை 13 அன்று விரைவுப் படகொன்றில் ஏற்றி, ஒரே நாளில் ஹான்சன் தீவின் சிறு குடா ஒன்றுக்குக் கொண்டு சென்றார்கள். அந்நீரின் உரிமைக்குடியினரான நம்கிஸ் மக்கள் தங்கள் ஓடங்களோடு வந்து வரவேற்று, காட்டுச் சால்மனை உணவாக இட்டார்கள். மறுநாள் அவளுடைய உறவினர் குடாவின் வாயிலைக் கடந்து சென்றனர். குரல் கேட்டதும் குட்டி வலையோரம் வந்து கத்தியது. வலை திறக்கப்பட்டது.

உடனே எல்லாம் கூடிவிடவில்லை. முதல் நாட்களில் கூட்டத்துக்குப் பின்னால் தள்ளியே நீந்தினாள். பழைய பழக்கத்தில் படகுகளை நாடினாள். தாயை இழந்த மற்றோர் இளம்பெண், ஏ 51, அவளைப் படகுகளிலிருந்து விலக்கி அழைத்துச் சென்றதைக் காவலர்கள் எழுதி வைத்தார்கள். அக்கோடை முடிவதற்குள் அவள் கூட்டத்தில் ஒருத்தியாகிவிட்டாள். 2013இல் அவளுக்கு முதல் குட்டி; 2017இல் இரண்டாவது.

இந்த வெற்றியைச் சொல்பவர்கள் அடுத்ததைச் சொல்லாமல் விடுவது வழக்கம். அதே காலத்தில் லூனா என்றொரு ஆண்குட்டி, எல் 98, வான்கூவர் தீவின் மேற்கே நூட்கா கடற்கழியில் தனித்து நின்றான். அவன் யார் என்பதும் ஏட்டில் இருந்தது. குடும்பம் எது என்பதும் தெரிந்தது. அப்பகுதியின் மொவாசாட்-முச்சலாட் மக்களுக்கோ அவன் 2001இல் மறைந்த தங்கள் தலைவரின் ஆவி. 2004இல் அரசு அவனைப் பிடிக்க வந்தபோது, அவர்கள் ஓடங்களில் பாடிக்கொண்டே அவனை வலையிலிருந்து வெளியே அழைத்துச் சென்றார்கள். அரசு பின்வாங்கியது, வேறு வழியை யாரும் ஒன்றுகூடி முடிவு செய்யவில்லை. 2006 மார்ச்சில் இழுவைப் படகு ஒன்றின் சுழல்விசிறியில் சிக்கி லூனா இறந்தான். அம்மக்களின் நம்பிக்கை மீது குற்றம் சுமத்துவது எளிது, நியாயமன்று. ஏடு யார் என்று சொல்லும். என்ன செய்வது என்று சொல்லாது.

கூன்முதுகுத் திமிங்கிலத்தின் கதை வேறு கதியில் செல்கிறது. அது உண்மையான திமிங்கிலம். 12 மீட்டருக்கு மேல் நீளும். சிறு மீன்களையும் கூனிக் கூட்டங்களையும் வாய் நிறைய அள்ளி வடிகட்டி உண்ணும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் நீரில் மட்டும் 20ஆம் நூற்றாண்டின் வேட்டைக் கப்பல்கள் 5,000க்கு மேற்பட்டவற்றைக் கொன்றன. வட பசிபிக்கில் 1966இல் இவ்வினத்துக்குக் காப்பு வந்தது; அக்கரையின் கடைசி வேட்டை நிலையமாகிய கோல் ஹார்பர் 1967இல் மூடப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் அக்கடலிடுக்குகளில் கூன்முதுகைக் காண்பதே அரிதாயிற்று.

இதன் அடையாளம் வாலில் உள்ளது. ஆழத்துக்கு முழுகும்போது வாலை உயர்த்திக் காட்டும். அதன் அடிப்புறத்தின் வெண்மை கருமைப் பரவல், விளிம்பின் பற்கள், ஓர்க்காக்களும் கயிறுகளும் விட்டுச்சென்ற தழும்புகள் ஆகிய எல்லாம் சேர்ந்து ஒருவரின் கைரேகை போல அமைகின்றன. அலாஸ்காவில் 1972இல் முதன்முதல் படமெடுக்கப்பட்ட ‘ஓல்ட் டைமர்’ என்னும் ஆணை, 2024ஆம் ஆண்டுக் கோடையிலும் அதே வாலைக் கொண்டு இனம் கண்டார்கள்.

வான்கூவர் தீவுக்கு வடக்கே, பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகரையில் கில் என்னும் தீவு இருக்கிறது. கிட்காத் மக்களின் நிலம் அது. அவர்களுடைய ஹார்ட்லி பே என்னும் சிற்றூருக்கு அண்மையில் உள்ளது. ஹான்சன் தீவில் கேட்கப் பழகிய ஜேனி ரே, ஹெர்மன் மியூட்டர் இருவரும் அம்மக்களின் இசைவு பெற்று 2001இல் அத்தீவின் தென்முனையில் ஒரு நிலையம் அமைத்தார்கள். சாலை இல்லை, மின்கம்பி இல்லை. குளிர்காலப் புயலில் ஒலிவாங்கியின் கம்பி அறுந்துபோகும். சரிசெய்து மீண்டும் இறக்க வேண்டும். ஓர்க்காவைக் கேட்கப் போனவர்களுக்குக் கூன்முதுகுகள் கேட்டன. முதலில் சில; ஆண்டுதோறும் பல.

கூன்முதுகின் பாட்டை உலகறியச் செய்தவர்கள் ரோஜர் பேய்னும் ஸ்காட் மக்வேயும். 1971இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, ஒழுங்கான அடிகளும் திரும்ப வரும் பகுதிகளும் கொண்ட நீண்ட பாட்டு அது என்று நிறுவியது. பாடுபவை ஆண்கள். ஒரு கடற்பரப்பின் ஆண்கள் யாவரும் ஒரே பாட்டைப் பாடுகின்றன. அப்பாட்டோ மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கிறது. மாற்றத்தை எல்லாரும் ஏற்றுப் பாடுகிறார்கள். யார் முதலில் மாற்றினார் என்பது புலப்படுவதில்லை. வாய்மொழிப் பாடல்களைத் திரட்டியவர்களுக்கு இது வியப்பாகத் தோன்றாது. ஹவாய், மெக்சிகோ போன்ற வெம்மையான குளிர்கால நீரிலேயே அவை பாடும் என்பது பழைய எண்ணம். கில் தீவின் ஒலிவாங்கிகள் வடக்கின் குளிர்ந்த இலையுதிர் காலத்திலும், பயணம் புறப்படும் முன்பே, பாட்டைப் பிடித்தன.

புதுமை பாட்டில் மட்டுமன்று, உண்ணும் முறையிலும் உண்டு. வான்கூவர் தீவின் வடகிழக்கே 2011இல் இரண்டு கூன்முதுகுகள் விந்தையான ஒன்றைச் செய்தன. வாயைத் திறந்துகொண்டு நீர்மட்டத்தில் அசையாமல் நின்றன. கடற்பறவைகளுக்கு அஞ்சிய ஹெர்ரிங் குஞ்சுகள், மறைவிடம் என்று எண்ணி அவ்வாய்க்குள்ளேயே புகுந்தன. மீன் திரள் சிதறிக் கிடக்கும்போது பாய்ந்து அள்ளுவதில் பயனில்லை, நிற்பதே சிக்கனம். 2015க்குள் அவ்வட்டாரத்தில் 16 கூன்முதுகுகள் இதைச் செய்வது ஏட்டில் ஏறிவிட்டது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று கற்றது என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்தவில்லை. வால்களின் ஏடு இல்லையேல் இரண்டு பதினாறாயிற்று என்று சொல்ல வழியே இல்லை.

இன்று அவ்வேடு ஒரு கரைக்கு உரியதாக இல்லை. டெட் சீஸ்மன் 2015இல் தொடங்கிய ‘ஹேப்பிவேல்’ என்னும் திட்டத்தில், படகுப் பயணிகள் எடுக்கும் வால் படங்களையும் கணினி ஒப்பிட்டு இனம் காண்கிறது. அப்படங்களைக் கொண்டு 2024இல் வெளியான கணக்கு, மகிழ்வோடு தொடங்கி வருத்தத்தில் முடிகிறது. வட பசிபிக்கின் கூன்முதுகுகள் 2012இல் 33,000க்கு மேல் பெருகியிருந்தன. 2021இல் அவை 26,000ஐச் சற்றே தாண்டின. இடையே 2014 முதல் 2016 வரை வட பசிபிக்கைச் சூழ்ந்த கடல் வெப்ப அலை இரையைக் குலைத்துவிட்டது. ஈட்டி செய்யாத கொலையை வெப்பம் செய்தது.

கப்பல்கள் செய்வதும் உண்டு. கில் தீவை ஒட்டிச் செல்லும் நீர்வழி கிடிமாட் துறைமுகத்துக்குப் போவது. 2006 மார்ச் 22 நள்ளிரவுக்குப் பின், ‘குயின் ஆஃப் தி நார்த்’ என்னும் பயணிகள் கப்பல் அத்தீவிலேயே மோதி மூழ்கியது. ஹார்ட்லி பே மக்கள் இருளில் தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கப்பலில் இருந்த 101 பேரில் 99 பேர் பிழைத்தனர். 2025 ஜூன் இறுதியில் கிடிமாட்டிலிருந்து நீர்மமாக்கிய எரிவளியின் முதல் கப்பல் புறப்பட்டது. கால்பந்துத் திடலைப் போல இரு மடங்குக்கும் மேல் நீளமுள்ள கப்பல்கள் இனி ஆண்டு முழுவதும் அவ்வழியே சென்றுவரும். கூன்முதுகுகள் இரவில் நீர்மட்டத்தில் அசைவின்றி மிதந்து ஓய்வெடுப்பவை. கப்பல் மோதி இறப்பவை கூடும் என்று, கில் தீவின் நிலையத்தார் சேர்த்த பதிவுகளை வைத்தே 2023இல் கணித்திருந்தார்கள். கணித்ததால் கப்பல் நிற்கவில்லை. எந்த மாதத்தில், எந்த வேகத்தில் போனால் எத்தனை உயிர் மிஞ்சும் என்று வாதாட அவர்களிடம் ஓர் ஏடு இருக்கிறது. 1964இல் அதுவும் இல்லை.

தெற்கே திரும்பினால் இதே வினா இன்னும் கூர்மையாகிறது. உலகில் இத்தனை நுணுக்கமாக அறியப்பட்ட காட்டுவிலங்குக் கூட்டம் மிகச் சிலவே இருக்கும். ஜே, கே, எல் கூட்டங்களின் ஒவ்வோர் உயிரும் பிறந்த ஆண்டோடு ஏட்டில் உள்ளது. பிடிப்பு நின்றபின் மெல்லப் பெருகி 1995இல் 98 ஆயின. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 கணக்கில் 73. சினூக் என்னும் பெரிய சால்மன் அருகிவிட்டது. அதைத் தேடும் எதிரொலியைக் கப்பல் இரைச்சல் மறைக்கிறது. உண்ணக் கிடைப்பதிலும் தொழிற்சாலை நஞ்சு ஏறியிருக்கிறது. காவலர்கள் இவை ஒவ்வொன்றையும் எழுதினார்கள். பிக் காலத்தில் எண் கிடைத்தது, பிடிப்பு நின்றது. வலையை எடுக்கச் சொல்வதற்கு எதிரே நின்றவர்கள் சிலர். ஆற்றையும் துறைமுகத்தையும் மாற்றச் சொல்வதற்கு எதிரே நிற்பவர் எண்ணற்றவர்.

ஜே 35 என்னும் தாய்க்கு டாலெக்வா என்று பெயர். 2018 ஜூலை 24 அன்று அவள் ஈன்ற பெண்குட்டி அரை மணி நேரமே உயிரோடிருந்தது. அவ்வுடலை மூக்கின் மேல் ஏந்தினாள். அது நழுவி மூழ்கும்போதெல்லாம் ஆழத்துக்குச் சென்று மீட்டு வந்தாள். 17 நாட்கள், 1,600 கிலோமீட்டர். கரையிலிருந்தும் படகிலிருந்தும் அதைப் பார்த்தவர்கள் ஒவ்வொரு நாளும் ஒரே வரியைத்தான் எழுத வேண்டியிருந்தது: இன்னும் சுமக்கிறாள். நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த இலக்கணத்தைக் கற்ற அவையில் இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. விலங்கின் துயரம் மனிதத் துயரம்தானா என்று அறிஞர்கள் தயங்கினார்கள். தயக்கம் தகும், கண்ட வரியை அது மாற்றாது.

2024 டிசம்பரில் அவளுக்கு மீண்டும் பெண்குட்டி பிறந்தது. ஜே 61 என்று எண் இட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் இறந்தது. 2025 ஜனவரியின் குளிர்ந்த நீரில், சியாட்டிலுக்கு அருகே, டாலெக்வா அதையும் ஏந்திக்கொண்டு நீந்துவதைக் கண்டார்கள். துடுப்பையும் சேணத்திட்டையும் ஒப்பிட்டு அவள்தான் என்று உறுதி செய்து, நாளும் நேரமும் இடமும் எழுதினார்கள். அவளுடைய ஆண்மக்கள் இருவர், 2010இல் பிறந்த ஜே 47, 2020இல் பிறந்த ஜே 57, அதே கூட்டத்தின் பக்கத்தில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கிறார்கள்.